வீட்டை இடிக்கப் போறேன்னு சொன்னா உடனே காலி செய்யணுமா?



நம் உறுப்பினர்களில் செஞ்சி டவுனில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். "வீட்டை இடிச்சுக் கட்டப் போறேன், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு" என்று வீட்டுக்காரர் சொன்னதும் நாம் பயந்துவிடுகிறோம். தயங்கினால் தண்ணியை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, ஓட்டைப் பிரிப்பது என்று தொல்லை ஆரம்பிக்கும். இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை.

நகர்ப்புற வாடகை வீடுகளுக்காகத் தமிழக அரசு 2017-இல் கொண்டுவந்த சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இடிக்கவோ, மாற்றிக் கட்டவோ வீடு தேவை என்பது காலி செய்யச் சொல்ல ஒரு காரணம்தான். ஆனால் ஆள் குடியிருக்கும்போது அந்த வேலையைச் செய்ய முடியாது என்று வாடகை நீதிமன்றத்தில் காட்டி உத்தரவு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் வாயால் சொல்வது உத்தரவு ஆகாது.

தண்ணீர், மின்சாரம், கழிப்பறை போன்ற வசதிகளை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் இந்த அதிகாரி. விசாரணை முடியும் முன்பே வசதியைத் திருப்பித் தர அவர் உத்தரவிடலாம்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. செஞ்சிக் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி வேண்டும். கோட்டைப் பக்கம் இடித்துக் கட்டுவதாகச் சொன்னால், "அனுமதிக் கடிதம் இருக்குதாங்க?" என்று கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி வெளியேற்றக் கேட்க முடியும்.

2. வாடகைக்கு ரசீது வாங்குங்கள். பாக்கி வைக்காதீர்கள். அவர் வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வங்கி மூலமோ அனுப்புங்கள்.

3. கட்டி முடித்தபின் அதே வீட்டுக்குத் திரும்பிவர விரும்பினால், காலி செய்யும் முன்பே எழுதி வாங்குங்கள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

4. அட்வான்ஸ் பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் வாடகை வீட்டில் இருக்கும் உறுப்பினர்கள் யார், யாரிடம் ஒப்பந்தம் இருக்கிறது என்று ஊக்குநர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். யாருக்காவது தொல்லை வந்தால் தனியாக விடாமல், நாலு பேர் கூடவே மனு கொடுக்கப் போவோம்.