காவல் நாயை இழந்தபின் வேறு நாய் தெரிந்தெடுத்தல்

களத்தையும் தொழுவத்தையும் பல வருஷம் காத்த நாய் இறந்தால், வீட்டாருக்குத் துக்கமும் களத்திற்குக் காவற்குறைவும் ஒருங்கே நேரிடும். ஆயினும், ஆதரவற்ற நாயொன்றை மறுநாளே கொண்டுவந்து கட்டுதல் உசிதமன்று. பழைய நாய் எந்த வியாதியால் இறந்தது என்பதை முதலில் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம்.

பார்வோ என்னும் இரத்தக்கழிச்சல் நோயாயின், அதன் கிருமி மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும். அவ்விடத்திற்குத் தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டியைக் கொணர்ந்தால் அதுவும் மடியக்கூடும். தடுப்பூசி பெற்ற வளர்ந்த நாயே ஏற்றது. தளத்தை நன்கு கழுவிப் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்தல் வேண்டும். வெறிநோயாயின், அந்நாயால் கடியுண்டவரும் கீறப்பட்டவரும் புண்ணில் நக்கப்பட்டவரும் அவ்விடத்தைச் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். நோய்க்குறி கண்டபின் பிழைத்தல் மிக அரிது.

தெரிந்தெடுக்கையில் நிறத்தையும் அழகையும் விடக் குணமே முக்கியம். நம் வெயிலுக்கு நாட்டு நாய் ஏற்றது. புதியவர் அணுகுங்கால் சீறாமலும் அஞ்சி ஒடுங்காமலும் நிற்கின்றதா, கயிற்றிற் பிடித்து ஆடு, கோழிகளினருகே நடத்துங்கால் பாயாதிருக்கின்றதா என இருமுறையேனும் சோதித்தல் நலம். காதிலுள்ள வெட்டுக்குறி கருத்தடை செய்யப்பெற்றதைக் குறிக்கும். தடுப்பூசிச் சீட்டு இல்லையேல், 3 மாதம் நிரம்பிய நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி உடனே போட்டு, வைத்தியர் சொல்லும் தவணைப்படி மீண்டும் போட்டு வருதல் வேண்டும். முதல் 2 வாரம் மற்றப் பிராணிகளினின்றும் பிரித்துக் கட்டுக.

கிராம அதிகாரிகள் தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை முன்னரே யாவர்க்கும் அறிவிப்பின், ஊர் முழுவதற்கும் அனுகூலமாகும்.