உலகம் சுத்துதா, தலை சுத்துதா? அடிக்கடி வர்ற தலைசுற்றலோட வாழறது எப்படி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கு.)

இன்னைக்கு எபிசோடை படுத்துக்கிட்டே கேட்கிறவங்க அப்படியே கேளுங்க. எழுந்திருக்கும்போது மட்டும் மெதுவா எழுந்திருங்க. ஏன்னு கடைசில புரியும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6 மணி. அலாரம் அடிச்சது. வலது பக்கம் திரும்பி போனை எடுக்கப் போனேன். அவ்வளவுதான். மேல இருந்த ஃபேன், பீரோ, ஜன்னல் எல்லாம் ராட்டினம் மாதிரி சுத்த ஆரம்பிச்சது. கண்ணை மூடினாலும் நிக்கல. கட்டில் விளிம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, சத்தியமா சாகப் போறேன்னுதான் நினைச்சேன். அரை நிமிஷத்துல நின்னு போச்சு. பாத்ரூம்ல மக் எடுக்கக் குனிஞ்சேன், மறுபடியும் அதே சுத்தல்.

அம்மாகிட்ட சொன்னா, "பித்தம்டி. காலங்காத்தால வெறும் வயித்துல காபி குடிச்சா இப்படித்தான்"னாங்க. ஆபீஸ்ல "லோ பிபியா இருக்கும், உப்பு போட்டு லெமன் ஜூஸ் குடி"ன்னாங்க. பக்கத்துத் தெரு கிளினிக்ல மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. மூணு மாசம் சாப்பிட்டேன். தூக்கம்தான் வந்தது, சுத்தல் போகல.

இத்தனைக்கும் நடுவுல யாருமே என்கிட்ட ஒரு கேள்வி கேட்கல: "இது எப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்கு?"

முதல்ல கேட்க வேண்டிய மூணு கேள்வி

தமிழ்ல நாம எல்லாத்துக்கும் "தலை சுத்துது"ன்னு ஒரே வார்த்தையைச் சொல்லிடறோம். ஆனா அதுக்குள்ள வேற வேற விஷயங்கள் இருக்கு. நாம நிக்கும்போது சுவர், ஃபேன் எல்லாம் சுத்துற மாதிரி தெரியறது ஒண்ணு. அதைத்தான் டாக்டர்கள் வெர்டிகோன்னு சொல்வாங்க. கண் இருட்டிக்கிட்டு மயக்கம் வர்ற மாதிரி இருக்கிறது இன்னொண்ணு. சட்டுனு எழுந்தா பிபி இறங்குறது, சாப்பிடாம இருக்கிறது, ரத்த சோகை இதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைல வரும். படகுல நிக்கிற மாதிரி மிதக்கிற உணர்வு மூணாவது.

அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்கு பதில் எழுதி வெச்சுக்கோங்க. எப்படி இருக்கு? எவ்வளவு நேரம் இருக்கு? என்ன பண்ணும்போது வருது?

இதுல நேரம் ஒரு பெரிய துப்பு. படுக்கையில திரும்பினா, அண்ணாந்து பார்த்தா, குனிஞ்சா வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கினா, அது பெரும்பாலும் காதுக்குள்ள துகள் இடம் மாறுன பிரச்சினை. ஒரு காது அடைச்ச மாதிரி ஆகி, இரைச்சல் கேட்டு, கேட்கும் திறன் குறைஞ்சு, 20 நிமிஷத்துல இருந்து பல மணி நேரம் சுத்தினா மெனியர் நோயான்னு பார்ப்பாங்க. மைக்ரேன் இருக்கிறவங்களுக்கு சில நிமிஷத்துல இருந்து 3 நாள் வரைக்கும் கூட சுத்தல் வரலாம். அந்த நேரத்துல தலைவலி இருந்தே ஆகணும்னு இல்ல. வெளிச்சம், சத்தம் தாங்க முடியாமப் போறது ஒரு அடையாளம்.

காதுக்குள்ள கல்லா?

எனக்கு இருந்தது முதல் வகை. சுருக்கமா பிபிபிவின்னு சொல்வாங்க. வெர்டிகோவுக்கான காரணங்கள்ல ரொம்ப சாதாரணமா பார்க்கிறது இதுதான். 50 வயசுக்கு மேல அதிகம். ஆனா தலையில அடிபட்டவங்க, மைக்ரேன் உள்ளவங்கன்னு இளவயசுலயும் வரும்.

உள்காதுல ஒரு சின்னப் பை மாதிரி இடம் இருக்கு. அதுல ஒரு ஜெல்லி படலத்து மேல கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும். நாம பிறக்கும்போதே எல்லார் காதுலயும் இருக்கிறதுதான். தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சொல்றது இதோட வேலை. பக்கத்துலயே திரவம் நிறைஞ்ச 3 அரைவட்டக் குழாய்கள் இருக்கு. தலை திரும்புறதைச் சொல்றது அதோட வேலை.

அந்தத் துகள்கள்ல கொஞ்சம் பிரிஞ்சு போய் ஒரு குழாய்க்குள்ள விழுந்திடும். நீங்க படுக்கையில திரும்பும்போது, துகள் உருண்டு திரவத்தையும் நகர்த்தும். நீங்க திரும்பி முடிச்ச பிறகும் "இன்னும் சுத்திக்கிட்டே இருக்கோம்"னு அந்தக் காது சொல்லும். இன்னொரு காதும் கண்ணும் "இல்லையே"ங்கும். இந்தச் சண்டையிலதான் ரூமே சுத்துது. துகள் அடியில போய் நின்னதும் சுத்தலும் நிக்குது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்ல. அந்தத் துகள் ஸ்கேன்ல தெரியாது. எனக்கு காது மூக்கு தொண்டை டாக்டர் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டுனு படுக்க வெச்சு, என் கண்ணையே பார்த்தாங்க. கருவிழி துடிக்கிற விதத்தை வெச்சே எந்தக் காது, எந்தக் குழாய்னு சொல்லிட்டாங்க. இந்தப் பரிசோதனை 1952ல இருந்தே இருக்கு.

மாத்திரை இல்ல, தலையைத் திருப்பறதுதான் வைத்தியம்

துகள் தப்பான குழாய்ல இருக்கு. அப்ப அதை உருட்டி வெளியே கொண்டு வந்துட்டா போதும் இல்லையா? அமெரிக்காவுல ஜான் எப்லின்னு ஒரு காது டாக்டர் இப்படித்தான் யோசிச்சார். 1980ல அவர் இதைச் சொன்னப்ப சக டாக்டர்களே பெருசா நம்பல. 1992ல அவரோட கட்டுரை வெளிவந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை.

வலது காதுல பிரச்சினைன்னு வெச்சுக்குவோம். கட்டில்ல உட்கார்ந்து தலையை வலது பக்கம் 45 டிகிரி திருப்பணும். அப்படியே பின்னால படுக்கணும், தலை கொஞ்சம் கீழ தொங்கணும். அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் அப்படியே இருக்கணும். அப்புறம் தலையை இடது பக்கம் 90 டிகிரி திருப்பிக் காத்திருக்கணும். அடுத்து உடம்போட இடது பக்கம் உருண்டு, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி வெச்சுக் காத்திருக்கணும். கடைசியா மெதுவா எழுந்து உட்காரணும்.

வீடியோ பார்த்து நீங்களே ஆரம்பிச்சிடாதீங்க. எந்தக் காது, எந்தக் குழாய்ங்கிறதைப் பொறுத்து முறையே மாறும். முதல் தடவை டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ செய்யட்டும். கழுத்து எலும்புப் பிரச்சினை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

எனக்கு அன்னைக்கே சரியாச்சு. மாத்திரை வேண்டாமான்னு கேட்டேன். வாந்தி, குமட்டல் தாங்க முடியலைன்னா சில நாளைக்கு மட்டும் போதும்னாங்க. சுத்தலை அமுக்குற மாத்திரைகளை மாசக்கணக்குல எடுத்தா, மூளை தானா சமாளிச்சுப் பழகுறது தள்ளிப் போகும்.

சரியான பிறகுதான் கஷ்டமே

எட்டு மாசத்துல மறுபடியும் வந்தது. இது சகஜம். சில வருஷங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் திரும்ப வரலாம். அதே சிகிச்சை மறுபடியும் வேலை செய்யும். வைட்டமின் டி குறைவா இருக்கான்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. 2020ல வெளியான ஒரு கொரிய ஆய்வுல, குறைவா இருந்தவங்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தப்ப திரும்ப வர்றது குறைஞ்சது.

ஆனா சுத்தலை விட என்னை முடக்கினது பயம். மூணு தலகாணி வெச்சு உட்கார்ந்த மாதிரியே தூங்கினேன். ஸ்கூட்டியைத் தொடல. பார்லர்ல தலையைப் பின்னால சாய்ச்சு முடி அலசுறதை விட்டுட்டேன். தெருவுல நடக்கும்போது கழுத்தைத் திருப்பாம ரோபோ மாதிரி நடந்தேன். விளைவு? சுத்தலே இல்லாத நாள்லயும் மிதக்கிற மாதிரி இருந்தது.

காரணம் எளிமையானது. அசைய அசையத்தான் மூளை தன்னோட கணக்கைச் சரி பண்ணிக்கும். அசையாம இருந்தா அந்த வாய்ப்பே கிடைக்காது. மிதக்கிற உணர்வு 3 மாசத்துக்கு மேல நீடிச்சா அதுக்குத் தனியா சிகிச்சை இருக்கு: பயிற்சி, கவுன்சலிங், தேவைப்பட்டா மருந்து. "எல்லாம் மனப்பிரமை"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நான் இப்ப பின்பற்றுறது இவ்வளவுதான்:

- எழுந்ததும் கட்டில் விளிம்புல ஒரு நிமிஷம் உட்காருவேன். பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன நைட் லேம்ப்.
- மெட்ரோவுலயோ பஸ்லயோ ஆரம்பிச்சா வெட்கப்படாம சீட் கேட்பேன். அசையாத ஒரு பொருளையே பார்ப்பேன்.
- வண்டி ஓட்டும்போது லேசா தோணினாலும் இடது ஓரமா நிறுத்திடுவேன். சுத்தல் வர்ற வாரத்துல வண்டியே இல்ல. ஏணி, நாற்காலி மேல ஏறி நிக்கிறதும் கிடையாது.
- எப்ப வந்தது, எவ்வளவு நேரம்னு போன்ல குறிச்சு வைப்பேன். முடிஞ்சா அந்த நேரத்துல கண்ணை வீடியோ எடுக்கச் சொல்வேன். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.
- தினமும் நடை. ஆபீஸ்ல ஒரே ஒருத்தருக்காவது விஷயம் தெரியும்.

இது மட்டும் காத்திருக்கக் கூடாது

சுத்தலோட சேர்ந்து பேச்சு குழறுனா, முகம் கோணினா, கை கால் மரத்துப் போனா, ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, நிக்கவே முடியலைன்னா, இதுவரைக்கும் வராத கடுமையான தலைவலி வந்தா, அது காது விஷயம் இல்லாம பக்கவாதமா இருக்கலாம். லெமன் ஜூஸ் போட்டுக்கிட்டு இருக்காதீங்க. உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி வேலை செய்ய முதல் நாலரை மணி நேரம்தான் கணக்கு. திடீர்னு ஒரு காது கேட்காமப் போனாலும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

போன மாசம் அம்மா காலைல எழுந்ததும் "ஏண்டி, ரூமே சுத்துதுடி"ன்னாங்க. பித்தமான்னு கேட்கலாம்னு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கல. "எந்தப் பக்கம் திரும்பினப்பம்மா? எவ்வளவு நேரம்?"னு கேட்டேன். உங்க வீட்டுல யாராவது தலை சுத்துதுன்னா, நீங்களும் இந்த ரெண்டு கேள்வியில இருந்து ஆரம்பிங்க.

சரி, இப்ப மெதுவா எழுந்திருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.