கடலுக்குள் படம்: பிலிமும் திரையும்

அந்தக் காலத்தில் மலாக்காத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பூலாவ் பெசார் தீவுதான். புக்கிட் ஆசஹான், ஜாசின் பக்கத்து லயங்களிலிருந்து விடுமுறைக்கு வேன் பிடித்து உம்பாய் வந்து படகேறுவார்கள். இரவல் கேமரா ஒன்று வந்தாலும் அது கரையோடு நின்றுவிடும். மலாக்கா நீரிணையின் தண்ணீரோ சேற்றுக் கலங்கல். முங்கிப் பார்த்தாலும் எடுப்பதற்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீருக்குள் கொண்டுபோகும் நிக்கோனோஸ் கேமரா 1963-லேயே வந்துவிட்டது. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு அது எட்டாத பொருள். எட்டியது பிலிமோடு விற்ற பிளாஸ்டிக் கேமரா. ஃபூஜி 1986-ல் அப்படி ஒன்றான குவிக்ஸ்நாப்பை இறக்கியது. தண்ணீர் புகாத வகை பிற்பாடு வந்தது. ஒன்றில் 27 படம். முகமூடியை ஒட்டிப் பிடித்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடி வழியே பார்த்துத் தட்ட வேண்டும். அந்தக் கண்ணாடியும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், கிட்டத்தில் எடுத்த மீனுக்குத் தலை இருக்காது. அதுவும் பட்டணத்துக் கடையில் பிலிமைக் கழுவிய பிறகே தெரியும். ஆனால் அதில் திரையே இல்லாததால், வெயில் அன்று தொல்லையாகவே இருந்ததில்லை.

இன்று அதே குடும்பத்துப் பிள்ளைகள் மெர்சிங் போய், படகேறித் தியோமான் தீவில் இறங்குகிறார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் பை, அதற்குள் கைப்பேசி. ரெங்கிஸ் தீவோரம் பவளத்தின் மேல் மிதந்து பார்த்தால் திரையில் தெரிவது மீன் அல்ல, தன் பாதுகாப்பு மிதவைச் சட்டையின் ஆரஞ்சு நிறம்!

காரணம் எளிது. மிதவைச் சட்டை போட்டவர் மூழ்க முடியாது. கீழே பார்த்துத்தான் எடுக்க முடியும். கேமரா கீழே பார்த்தால் திரை வானத்தைப் பார்க்கும். உச்சி வெயில் நேராக அதன்மேல் விழும். பையின் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் காற்று, கைப்பேசிக் கண்ணாடி என்று ஒவ்வொரு பரப்பும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். முகமூடியின் ஓர ரப்பர் வெள்ளையாக இருந்தால் பக்கவாட்டிலிருந்தும் கண் கூசும். கறுப்பு ரப்பர் முகமூடி இதற்கு நல்ல மருந்து.

நீச்சல் தெரிந்தவருக்கு வழி சுலபம். இரண்டு ஆள் ஆழம் முங்கி, மீனுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ பிடித்தால் திரை நிமிர்ந்துவிடும், கூச்சம் குறைந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உயிர்க்காப்பு முதல் காரணம்.

மிதக்கிறவர்கள் தலையைக் குனிந்து, அதன் நிழலைத் திரைமேல் விழச் செய்யலாம். திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, தானாகக் கூடிக் குறையும் அமைப்பைக் கரையிலேயே நிறுத்திவிட வேண்டும். தண்ணீருக்குள் தொடுதிரை சொன்னபடி கேட்காது; ஒலிப் பொத்தானை அழுத்தியே எடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் தெரியவில்லையா? திரையை மறந்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் கேமராக்காரரைப் போல் குறி வைத்துத் தட்டுங்கள். அவருக்கு 27 படம்தான். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வீடியோவாக ஓடவிட்டு வேண்டிய காட்சியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். படகில் ஏறியதும் வெயிலில் நின்றபடி, இருட்டாக வந்திருக்கிறது என்று படங்களை அழித்துவிடாதீர்கள். அங்கேயும் திரையில் விழுவது அதே வெயில்தான். அறைக்குப் போய் நிழலில் பாருங்கள்.