காசு ஓடும் ஊர் – 14: எட்டே கால் லட்சம்

போன வாரம் சீட்டுப் பணத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, சீட்டு எடுத்தவங்க கதையெல்லாம் எழுதறீங்க. என்கிட்ட ஆறு கோடி இருக்கு. என்னைப் பத்தி எழுத மாட்டீங்களா?"

பெங்களூர் அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் வாடகை வீடு. அவனும் அவன் அம்மாவும். வெளிவட்டச் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஆறு கோடி எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி எனக்குப் பகீரென்றது. பிறகுதான் சொன்னான்: பிளேஸ்டேஷனில் ஓடும் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய ஆட்டத்தில் சேர்த்த கிரெடிட்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆறு கோடிக்குச் சொந்தக்காரன் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தது ஹோண்டா ஃபிட். நம் ஊரில் ஜாஸ் என்ற பெயரில் விற்றார்களே, அதே வண்டி. ஆட்டம் தொடங்கும்போது மூன்று சின்ன கார்களைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்களாம். அப்படி எடுத்த முதல் வண்டி. "இது சும்னே ஓட்டறதுக்கு. சம்பாதிக்கிறதுக்கு வேற கார் இருக்கு" என்றான். கன்னட 'சும்னே' அவன் தமிழில் எப்போது வந்து உட்கார்ந்தது என்று அவனுக்கே தெரியாது.

"அவ்வளவு காசை வச்சுக்கிட்டு நல்ல கார் ஒண்ணு வாங்கக் கூடாதாடா?"

"லெஜண்ட் கார்னு ஒரு கடை இருக்கு மாமா. அதுல சரக்கு வரும், சில நாள்ல போயிடும். திரும்ப எப்ப வரும்னு தெரியாது. வரும்போது கையில காசு இருக்கணும்ல?"

மனைக்கட்டு எப்போது விலைக்கு வருமோ என்று பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த என் மாமனார் நினைவுக்கு வந்தார். அந்தக் கடையில் பழைய, அரிய கார்கள் வரும். பழங்கார் காப்பீட்டில் பேர்போன ஹாகர்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மதிப்பீட்டை ஒட்டி விலை வைக்கிறார்கள். ஆட்டம் வெளியான 2022இல் மேக்லாரன் எஃப்1 காரின் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். இரண்டு கோடி விலையுள்ள கார்களும் உண்டு.

இரண்டு கோடி சேர்க்க என்ன செய்ய வேண்டும்? காகிதத்தில் போட்டுக் காட்டினான். லெ மான்ஸ் ஓடுகளத்தில் 30 நிமிடப் பந்தயம் ஒன்று. ஜெயித்தால் ஐந்தரை லட்சம். யார் மீதும் மோதாமல், தடத்தை விட்டு வெளியே போகாமல் ஓட்டினால் அதற்கு மேல் பாதி. ஆக எட்டே கால் லட்சம். இரண்டு கோடிக்கு அப்படி 25 பந்தயம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிரைண்ட்' பண்ணுவது. தமிழில் சொன்னால் மாவாட்டுவது. "ஆமாம், அங்க அவன் ஆட்டறான், இங்க நான் ஆட்டறேன்" என்று அடுக்களையிலிருந்து அக்காவின் குரல்.

டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிடம் 10 நொடி ஆனது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேரும் பையன், அதே அரை மணியில் பிரான்ஸில் ஒரு பந்தயத்தை முடித்து எட்டே கால் லட்சம் சம்பாதித்துவிடுகிறான். யார் மீதும் இடிக்காததற்குத் தனியாகக் காசு தருகிறார்கள் என்பதுதான் இந்த ஊர்க்காரனுக்கு நம்ப முடியாத இடம்.

*

எனக்கும் ஒரு காலத்தில் இந்தப் பித்து உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர்களில் ரோட் ராஷ். பக்கத்து வண்டிக்காரனைச் சங்கிலியால் அடித்துக்கொண்டே பைக் ஓட்டுகிற ஆட்டம். அதில் காசில்லாமல் சும்மா அடித்துக்கொள்ள ஒரு முறை, காசு சேர்த்துப் புது பைக் வாங்க இன்னொரு முறை. காசு முறையில் போலீஸ் பிடித்தால் அபராதம், வண்டி நொறுங்கினால் ரிப்பேர் செலவு. கட்டக் கையில் பணம் இல்லையென்றால் ஆட்டமே முடிந்தது. ஆகவே புது பைக் வாங்கினாலும் கையிருப்பை ஒரேயடியாகத் துடைத்துவிடக் கூடாது. என் வீட்டில் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. பைக்கில் விழுந்து விழுந்து கற்றேன்.

பிறகு 2001 வாக்கில் சிவாஜிநகரில் ஒரு கேம் பார்லர். மணிக்கு 20 ரூபாய். அங்கே கிரான் டூரிஸ்மோ 2. தொடங்கும்போது கையில் 10,000 கிரெடிட் கொடுப்பார்கள். அதில் பழைய கார் ஒன்றுதான் வாங்க முடியும். சின்னப் பந்தயங்களாக ஓடி, பரிசாக வந்த கார்களை விற்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அந்தக் காசெல்லாம் எங்கே இருந்தது தெரியுமா? மெமரி கார்டு என்ற சின்ன பிளாஸ்டிக் அட்டையில். மொத்தமே 128 கிலோபைட், 15 கட்டங்கள். அட்டை பார்லர்காரருடையது. இரண்டு மாதம், வாரம் இரண்டு மணி நேரம், நான்கு லட்சம் போலச் சேர்த்திருந்தேன். ஒரு சனிக்கிழமை போனேன், என் கட்டங்களில் யாரோ கால்பந்து ஆட்டத்தைச் சேமித்திருந்தார்கள். கல்லாவில் இருந்தவர், "இடம் இல்லாம இருந்துச்சு, அந்தப் பையன் அழிச்சிருப்பான்" என்றார். அவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கோ ஜேபியில் கை விட்டு எடுத்தது போல இருந்தது.

தனியாக ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டில் கிடைத்தது. வாங்கவும் வாங்கினேன். அதற்குள் கல்லூரி முடிந்துவிட்டது.

*

அக்கா மகனின் ஆறு கோடி எந்த அட்டையிலும் இல்லை. ஜப்பான்காரர்களின் சர்வரில் இருக்கிறது. காசைத் தருபவரும் அவரே, கடைக்காரரும் அவரே, நோட்டு அச்சடிப்பவரும் அவரே என்றால் என்ன ஆகும் என்பதை 2022 மார்ச்சில் உலகம் பார்த்தது.

மார்ச் 4 அன்று கிரான் டூரிஸ்மோ 7 வெளியானது. பத்து நாளுக்குள் ஆட்டக்காரர்கள் ஒரு மண்பாதைப் பந்தயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓடுகளத்தின் பெயர் ஃபிஷர்மேன்ஸ் ரான்ச். சில நிமிடத்தில் முடியும். பரிசு 65,000, மோதாமல் ஓட்டினால் 97,500. எல்லாரும் அங்கேயே குடியேறி மாவாட்டினார்கள். மார்ச் 17 அன்று வந்த திருத்தத்தில் பரிசுத் தொகையை 30,000 ஆகக் குறைத்தார்கள். வேறு சில பந்தயங்களுக்கும் வெட்டு விழுந்தது. கார் விலைகள் அப்படியே இருந்தன. கணக்கு போடுங்கள்: இரண்டு கோடி காருக்கு முந்தின நாள் வரை 206 முறை ஓடினால் போதும், மறுநாள் 445 முறை. அதே கடையின் பக்கத்து ஜன்னலில் 20 லட்சம் கிரெடிட் சுமார் 20 டாலருக்கு விற்பனையில் இருந்தது. அந்த ஒரு கார் 200 டாலர்!

கூலியைக் குறைத்துவிட்டு, பக்கத்திலேயே வட்டிக்கடை திறந்து வைத்தால் கேட்பதற்கு ஆள் வராமல் இருப்பார்களா? போதாததற்கு அந்தத் திருத்தத்தோடு சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்துவிட்டது. தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு வேண்டிய ஆட்டம் என்பதால் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தைப் படைத்த கஸுனோரி யமவுச்சி ஒரு விளக்கம் எழுதினார். காசு கொடுத்துக் கிரெடிட் வாங்காமலே பலரும் பல கார்களை ஓட்ட வேண்டும் என்பதே தன் விருப்பம், ஆனால் காரின் விலை அதன் மதிப்பையும் அருமையையும் சொல்ல வேண்டும், ஆகவே நிஜ விலையோடு ஒட்டியிருப்பது முக்கியம் என்றார். கோபம் தணியவில்லை. மார்ச் 25 அன்று மன்னிப்புக் கேட்டு ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் இனாம் அறிவித்தார்கள். ஏப்ரலில் பரிசுத் தொகைகளை உயர்த்தினார்கள். பையில் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பும் இரண்டு கோடியிலிருந்து பத்து கோடி ஆனது. ஓட்டிச் சலித்த காரை விற்கும் வசதி நவம்பரில்தான் வந்தது.

யமவுச்சி சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. பெட்டிக்கடை மிட்டாய் விலையில் மேக்லாரன் கிடைத்தால் அதை யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? ஆனால் நிஜ மேக்லாரனின் விலையை ஒருவர் நிர்ணயிக்கிறார், அதை வாங்குபவருக்கு வேறொருவர் சம்பளம் தருகிறார். இங்கே இரண்டும் ஒரே கை. அந்தக் கை எப்போது இறுக்கும் என்று தெரியாதபோது, கிடைக்கிற காலத்தில் சேர்த்து வைப்பவனைக் கஞ்சன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காசை மழையாகக் கொட்டுகிற ஆட்டங்களும் உண்டு. ஃபோர்சா ஹொரைசன் அந்த ரகம். சக்கரத்தைச் சுழற்றினால் லட்சம் விழும், கார் விழும். நான்காம் பாகத்தில் எடின்பரோ கோட்டையையே வீடாக வாங்கலாம், விலை 1 கோடியே 50 லட்சம் கிரெடிட். இந்த ஃபோர்சா வரிசைக்கும் பெங்களூருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1997இல் ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தின் கலைஞர்கள் அந்த வரிசைக்கு வேலை செய்தார்கள். 2019இல் துருவாவின் 92 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கை ராக்ஸ்டார் என்ற ஆட்ட நிறுவனம் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் பெங்களூர் கிளையோடு இணைத்துக்கொண்டது. திரையில் இருக்கும் கோட்டையின் விலை அதைவிட எண்ணில் பெரியது என்று அற்பமாக ஒரு சந்தோஷம் எனக்கு.

*

போனில் ஆடுகிறவர்கள் கதை வேறு. மெட்ரோவில் என் பக்கத்தில் உட்காரும் பையன்களில் பலர் இன்னும் ஹில் கிளைம்ப் ரேசிங்தான். பின்லாந்தின் ஒவுலு நகரத்தில் பிறந்து 2012இல் வெளியான ஆட்டம். நாணயம் பொறுக்கிக்கொண்டே மேடு ஏற வேண்டும், பெட்ரோல் தீர்வதற்குள் அடுத்த கேனைப் பிடிக்க வேண்டும். அதில் எல்லாருக்கும் வருகிற குழப்பம் ஒன்றுதான்: சேர்த்த நாணயத்தை இருக்கிற ஜீப்பின் என்ஜினில் போடுவதா, அடுத்த வண்டிக்கு வைப்பதா? ஓட்டை டிவிஎஸ் 50க்கு மூன்றாவது முறை என்ஜின் இறக்கியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

இந்தியாவில் 2015இல் கூகுள் தன் கடையின் குறைந்தபட்ச விலையைப் பத்து ரூபாய்க்கு இறக்கியது. பத்து ரூபாய் போனால் தெரியாது. ஒரு டீக்காசு. யுபிஐ வந்த பிறகு விரல் வைப்பதும் எடுப்பதும்தான். 20 டாலர் என்றால் கூட்டிக் கழித்துப் பார்க்கிற அக்கா மகன், போனில் பத்து பத்தாக எவ்வளவு போட்டான் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களுக்குத் தடை போட்டது. பெங்களூரில் தலைமையகம் உள்ள எம்பிஎல் போன்ற நிறுவனங்களுக்குப் பலத்த அடி. கார் பந்தயக் கிரெடிட்டை அது அப்படித் தொடவில்லை. இங்கே போட்ட காசு ரூபாயாகத் திரும்பி வராது, வரும் என்று யாரும் சொல்லவுமில்லை. பிரிகேட் ரோடு மாதிரி ஒருவழிப் பாதை.

அந்தப் பாதையின் முடிவில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் தி க்ரூ ஆட்டக்காரர்கள். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, அதில் கார் ஓட்டச் செய்த ஆட்டம், யுபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்டது. இரண்டு வகைக் காசு. ஒன்று ஓட்டிச் சம்பாதிப்பது, இன்னொன்றை நிஜப் பணத்துக்கும் வாங்கலாம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும் என்பதால் வட்டு கையில் இருந்தும் பயனில்லை. கார், காசு, கராஜ் எல்லாம் போயிற்று. கலிபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். நீங்கள் வாங்கியது உரிமம், ஆட்டத்தை அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். விற்ற ஆட்டத்தை இப்படிச் சாகடிக்கக் கூடாது என்று ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பார்லரில் என் நான்கு லட்சம் போன கதையையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே லெ மான்ஸில் பந்தயத்தைத் தொடங்கினான். கடைசி இடத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொருவராகத் தாண்டி, பாதியில் மழை பிடித்து, டயர் மாற்றி, பெட்ரோல் போட்டு, ஒருவர் மீதும் உரசாமல். நானும் காபியை மறந்துவிட்டேன். இன்னும் மூன்று நிமிடம், இவன்தான் முதலில். அப்போது கரண்ட் போனது.

இருட்டுத் திரையைப் பார்த்தபடி, "எட்டே கால் லட்சம் போச்சு மாமா" என்றான்.

அடுக்களையில் கிரைண்டரும் நின்றிருந்தது. கையில் மாவோடு அக்கா ஓடிவந்தாள். "எட்டே கால் லட்சமா? எவன்கிட்டடா கொடுத்த?"

(தொடரும்)