பூன்ஸ்பரோ: மரக்கட்டைகளால் எழுந்த கோட்டை

அமெரிக்கப் புரட்சிப் போர் தொடங்கிய 1775-இல், டேனியல் பூன் தலைமையில் வந்த குடியேறிகள் கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ கோட்டையைக் கட்டத் தொடங்கினர். மரக்கட்டைக் குடிசைகளை நீள்சதுரமாக அடுக்கி, அவற்றின் வெளிச்சுவர்களையே மதிலாக்கினர். இடைவெளிகளைக் கூர்முனைக் கம்பங்கள் அடைத்தன.

அது ஷானி பழங்குடியினர் தலைமுறைகளாக வேட்டையாடிய நிலம். ரிச்சர்ட் ஹென்டர்சனின் நிறுவனம் அதைச் செரோக்கி தலைவர்கள் சிலரிடம் விலைக்கு வாங்கியது. ஷானி மக்கள் அந்த விற்பனையை ஏற்கவேயில்லை. இதை மறந்துவிட்டுப் பூன்ஸ்பரோவின் வரலாற்றைப் படிப்பது நியாயமாகாது.

1778 பிப்ரவரியில், உப்புக் காய்ச்சப் போன குழுவினரோடு பூன் ஷானியரிடம் சிறைப்பட்டார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தம் மகனாகவே தத்தெடுத்தார். ஜூனில் தப்பிய பூன், சுமார் 160 மைல் தொலைவை 4 நாட்களில் கடந்து கோட்டைக்குத் திரும்பினார். செப்டம்பரில் பிளாக்ஃபிஷ் 400-க்கும் மேற்பட்ட வீரர்களுடன் முற்றுகையிட்டார். பேச்சுவார்த்தை கைகலப்பில் முடிந்தது. ஆற்றங்கரையிலிருந்து மதிலை நோக்கித் தோண்டப்பட்ட சுரங்கம் கனமழையில் இடிந்துவிழ, முற்றுகை விலகியது.

பின்னர், ஷானியரிடம் சிறைப்பட்டிருந்த காலத்தை முன்வைத்துப் பூன்மீது துரோகக் குற்றச்சாட்டு எழுந்தது. குற்றம் சாட்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் காலவே. 1776-இல் கடத்தப்பட்ட அவருடைய இரு மகள்களையும் தம் மகள் ஜெமைமாவோடு மீட்டு வந்தவர் இதே பூன்தான். இராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது; மேஜராகப் பதவி உயர்வும் கிடைத்தது. ஆனாலும் 1779-இல் அவர் பூன்ஸ்பரோவை விட்டு விலகி, வேறொரு குடியிருப்பை அமைத்தார்.