பதினொரு வாரத்தில் ஓர் அடிச்சட்டம்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவில், சன்னலை ஒட்டிய மேசையின்மீது ஒரு கார் நிற்கிறது. அதற்குக் கதவுகள் இல்லை, கூரை இல்லை, இருக்கைகளும் இல்லை. நான்கு சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கைகள், ஓர் எஞ்சின், ஒரு கியர் பெட்டி, ஒரு ஸ்டீயரிங் ஆகிய அனைத்தும் வெளியே தெரிய நிற்கும் வெறும் அடிச்சட்டம் அது. பட்டறைகளில் சேசிஸ் என்று சொல்கிறார்களே, அதுதான். சிகிச்சைக்கு வருவோர் பலரும் அதைப் பார்த்து, "இது எப்போது முடியும்?" என்று கேட்கின்றனர். முடிந்துவிட்டது என்பதே எங்கள் விடை. அதைக் கட்டியவரின் ஒப்புதலோடு, பெயரையும் ஊரையும் தவிர்த்து, அது கட்டப்பட்ட விதத்தை இங்கு எழுதுகிறோம்.

கட்டியவர் 58 வயதினர். முப்பது ஆண்டுகளாக லாரிப் பட்டறை நடத்தி வந்தவர். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தபோது வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்தன. கையை மடக்கி அதன்மீது படுத்துவிட்டதாக வீட்டில் எண்ணினர். எண்ணெய் தேய்த்துப் பார்த்தனர். மறுநாள்தான் மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர். மூளையின் இரத்தக் குழாயை அடைக்கும் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பாதிப்பு தொடங்கி நான்கரை மணி நேரத்திற்குள் கொடுப்பதே வழக்கம். அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு பக்கம் கை தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அரை மணி கூடக் காத்திருக்க வேண்டாம் என்பதை எழுத இது ஓர் இடம் என்பதால் எழுதுகிறோம்.

மூன்றாவது வாரம் அவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். கால் விரைவாகத் தேறியது. கை தேறவில்லை. விரல்களை மடக்க முடிந்தது, விரிக்க முடியவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடித் தவித்தன. முதல் நாளே அவர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்பேனர் பிடிக்க முடியுமா, டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க." அன்று எங்களிடம் அதற்கு நேர்மையான விடை ஏதும் இல்லை. பார்ப்போம் என்றோம். அந்தச் சொல்லை நோயாளிகள் எவ்வளவு வெறுப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

விரல்களின் நுண்திறனை அளக்க எங்களிடம் ஒரு பலகை உண்டு. ஒன்பது துளைகள், ஒன்பது குச்சிகள். எடுத்துச் செருக வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். எத்தனை நொடிகள் ஆயின என்று குறித்துக்கொள்வோம். நல்ல கருவிதான். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், "இதுல எதுவும் ஓடலையேம்மா" என்றார். வாழ்நாள் முழுவதும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடும் பொருள்களையே கையாண்டவருக்கு, செருகிய பின் சும்மா நிற்கும் குச்சி எதற்கு?

வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய மகன் அப்போது விடுப்பில் வந்திருந்தார். அவர் தமக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய பெட்டி ஒன்றை ஒரு மாலை வார்டுக்குக் கொண்டுவந்தார். லெகோ நிறுவனத்தின் டெக்னிக் வரிசையில் 2018இல் வெளிவந்த புகாட்டி சிரோன் என்னும் பந்தயத் தோற்றக் கார். 3,599 துண்டுகள், உண்மைக் காரின் எட்டில் ஒரு பங்கு அளவு. தந்தையார் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சின்னப் பசங்க சாமான்" என்று சொல்லிவிட்டார். மகன் பெட்டியைத் திறந்து, செய்முறைப் புத்தகத்தில் கியர் பெட்டி வரும் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கச் சென்றார். திரும்பி வந்தபோது தந்தையார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

லெகோ என்றவுடன் குமிழ்கள் கொண்ட வண்ணச் செங்கற்களே நினைவுக்கு வரும். டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சர் ஒருவர் 1932இல் தொடங்கிய நிறுவனம் அது. இன்று நாம் காணும் செங்கல்லுக்கு 1958இல் காப்புரிமை பெற்றது. அந்த ஆண்டுச் செங்கல் இன்று வார்க்கப்படும் செங்கல்லோடும் பொருந்தும். பொறிகளைக் கட்டுவதற்கான வரிசை 1977இல்தான் வந்தது. முதல் ஆண்டிலேயே அதில் ஒரு கார் அடிச்சட்டம் இருந்தது. மேற்கூடு கிடையாது, எஞ்சினும் கியரும் ஸ்டீயரிங்கும் இருக்கைகளும் மட்டுமே. 1980இல் அதன் அடுத்த பதிப்பு பின்சக்கரங்களுக்கு டிஃபரென்ஷியலுடன் வந்தது. 1994இல் வந்த மாதிரியில் நான்கு சக்கரங்களும் திரும்பின. நான்குக்கும் எஞ்சினிலிருந்து ஓட்டம் சென்றது. பெட்டியின்மேல் உள்ள படம் பளபளப்பான மேற்கூடாக மாறியது பின்னாளில்தான். தொடக்கத்தில் எலும்புக்கூடுதான் விற்பனைப் பொருள்.

இந்த எலும்புக்கூட்டைக் கட்ட விரல்கள் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை நாங்கள் உற்றுப் பார்த்தது இவரால்தான். துளையிட்ட சட்டங்களைச் சிறு ஊசிகள் பிணைக்கின்றன. ஊசியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, துளைக்கு நேராக நிறுத்தி, அழுத்த வேண்டும். சரியாக அமர்ந்தால் மெல்லிய ஓசை கேட்கும். விரல் நுனியிலும் அது தெரியும். அச்சுத்தண்டின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் கூட்டல் குறி வடிவில் இருக்கும். பற்சக்கரத்தின் துளையும் அப்படியே. ஆகவே வெறுமனே செருகிவிட முடியாது; முன்கையைச் சிறிது திருப்பி, நான்கு முனைகளும் பொருந்தும் இடத்தைத் தேட வேண்டும். பக்கவாதத்தில் பலருக்குக் கடினமாகிவிடுவது முன்கையின் இந்தத் திருப்பம். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள் என்று நாங்கள் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். தண்டு கேட்டபோது அவர் சொல்லாமலே திருப்பினார்.

இன்னொன்றையும் கவனித்தோம். செய்முறைப் படிகளில் சொற்களே இல்லை, எல்லாம் படங்கள். தண்டுகளை அவற்றின் உண்மை நீளத்திலேயே அச்சிட்டிருப்பதால், பக்கத்தின்மீது தண்டை வைத்தே அளந்துகொள்ளலாம். பேச்சும் வாசிப்பும் பாதிக்கப்பட்டவர்களும் படியைப் பின்பற்ற முடியும் என்பது எங்களுக்குப் பின்னர் வேறொருவர் விஷயத்தில் பயன்பட்டது.

நாளுக்கு இருபது நிமிடம் என்று வரையறுத்தோம். அதற்குமேல் போனால் தோளும் முன்கையும் இறுகத் தொடங்கும். வழுக்காத விரிப்பு, விளிம்புள்ள எஃகுத் தட்டு, அவ்வளவே ஏற்பாடு. முதல் நாள் இருபது நிமிடத்தில் நான்கு ஊசிகள் அமர்ந்தன. இரண்டாம் வாரத்தில் பின்பக்க டிஃபரென்ஷியல் வந்தது. அன்று பாடம் எங்களுக்கு. வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். உட்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால் டயர் தேயும், வண்டி அடம் பிடிக்கும். நடுவில் உள்ள கூம்புப் பற்சக்கரங்கள் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. "இந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டா அந்தப் பக்கம் ரெண்டு மடங்கு சுத்தும், பாருங்க" என்று தெரபிஸ்டுக்குக் காட்டினார். காட்டுவதற்காக அவர் பிடித்தது வலக்கையால். பிடித்திருக்கிறோம் என்பதை அவர் உணரவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

உண்மையான சிரோன், பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலுள்ள மோல்ஸ்ஹைமில் கையால் பூட்டப்பட்டது. எட்டு லிட்டர் கொள்ளளவும் பதினாறு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், கியர் பெட்டியோடு பின்பாதியாக வந்தது. பயணிகள் அமரும் பகுதி முன்பாதியாக வந்தது. இரண்டையும் இணைக்கும் கட்டத்தைக் கார்த் தொழிலில் 'திருமணம்' என்பர். லெகோ மாதிரியிலும் அப்படியே: பின்பாதியைத் தனியே, முன்பாதியைத் தனியே கட்டி, பிறகு சேர்க்க வேண்டும். அந்த நாள் ஏழாவது வாரத்தில் வந்தது. அவர் அப்போது வீட்டிலிருந்து வாரத்திற்கு மூன்று நாள் வந்துகொண்டிருந்தார். செவிலியர்கள் சிலரும் பார்க்க வந்திருந்தனர்.

இணைத்தார். சக்கரங்களை மாட்டினார். மேசைமேல் வைத்து ஒவ்வொரு மூலையாக அழுத்தினார். மூன்று மூலைகள் தாழ்ந்து எழுந்தன. இடப்பக்கப் பின்மூலை அழுத்திய இடத்திலேயே நின்றது. "இடது பின்னாடி புஷ் பிடிச்சிருக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அடுத்த இரண்டு அமர்வுகளுக்கும் வரவில்லை.

வந்தவர் அவருடைய துணைவியார். நடைவழியில் நின்று, குரல் தாழ்த்திச் சொன்னார். வார்டில் உடனிருந்த நாள்களில், ஓர் இரவு, தட்டில் சில ஊசிகள் பாதி செருகியபடி கிடந்தன. பகலில் அவற்றோடு கணவர் பட்ட பாட்டை அவர் பார்த்திருந்தார். காலையில் எழும்போது மகிழட்டும் என்று தாமே அழுத்தி வைத்துவிட்டார். ஒரு துளைக்கு ஊசி போதவில்லை, தட்டில் அதே நீளத்தில் நீல நிற ஊசி இருந்தது, போட்டுவிட்டார்.

நீளம் ஒன்றுதான். ஆனால் நீல ஊசியின் உடலில் சிறு வரம்புகள் உண்டு. துளையில் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்திற்கானது. அதே நீளத்தில் வெளிர்பழுப்பு ஊசி வழவழப்பானது. மூட்டு அசைய வேண்டிய இடத்திற்கானது. சக்கரத்தைத் தாங்கும் கை அசைய வேண்டும். அங்கே நீலம் அமர்ந்ததால் மூட்டு உறைந்துவிட்டது.

அவரிடம் சொல்லலாமா, நாங்களே சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. ஒளிவுமறைவின்றி எழுதினால், எங்களில் ஒருவர் மாற்றிவிடலாம் என்றே சொன்னோம். தெரபிஸ்ட் ஒப்பவில்லை. அதுவும் அந்த இரவு நடந்ததைப் போன்றதுதானே என்றார். துணைவியாரே சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் இருவரும் வந்தனர். அம்மையார் சொல்லி முடிக்கும்வரை அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். நெடுநேரம் கழித்து, "அப்ப என் கை தப்புப் பண்ணல" என்றார்.

பிரித்தெடுக்க மூன்று அமர்வுகள் ஆயின. அழுத்துவதைவிட இழுப்பதற்கு விரல்களில் அதிக வலு வேண்டும். வலு குறைந்த கைக்கு அது தனிச் சோதனை. ஒரு தண்டின் முனையால் பின்புறமிருந்து ஊசியைத் தள்ளி எடுக்கும் வழியை அவரே கண்டுபிடித்தார். பட்டறையில் பின் தட்டி எடுப்பது போலத்தானாம். இம்முறை துணைவியாருக்கும் வேலை கொடுத்தார்: நிறம் பிரித்து வைப்பது, சட்டத்தை அசையாமல் பிடிப்பது. ஊசியைத் தொடக்கூடாது.

வாசகர்களுக்கு, குறிப்பாக உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கு, எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு உதவுங்கள் என்று நாங்கள் எல்லாக் குடும்பத்தாரிடமும் சொல்லி வந்தோம். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொன்னதில்லை. அந்த அம்மையார் செய்தது நாங்கள் சொன்னதைத்தான். மூளையில் பாதிப்புற்ற பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் ஏற்றுக்கொள்ள, குறித்த அசைவைக் கை தானே, பலமுறை, தவறியும் செய்ய வேண்டும். பொத்தான் போடக் கணவருக்கு ஆறு நிமிடம் ஆகிறது என்றால், அந்த ஆறு நிமிடம்தான் சிகிச்சை. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம். நாங்களும் அதில் தேர்ந்தவர்கள் அல்லர். சட்டை நழுவாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அவரிடம் விடுங்கள்.

இந்தப் பெட்டியை வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விலை பல்லாயிரம் ரூபாய். நட்டும் போல்ட்டும், துணி மாட்டும் கிளிப்பும், உரிக்க வேண்டிய பட்டாணியும் அதே விரல்களைத்தான் கேட்கின்றன. எது அந்த மனிதருக்குப் பொருளுள்ள வேலை என்பதைக் கண்டுகொண்டால் போதும். பூக்கட்டிப் பிழைத்த ஒருவருக்கு இந்தக் கார் ஒன்பது துளைப் பலகையைவிடவும் அலுப்பாக இருக்கும். விழுங்குவதில் சிரமமோ மனக்குழப்பமோ உள்ளவர்களின் அருகிலும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும் இத்தகைய சிறு துண்டுகளைத் திறந்து வைக்காதீர்கள்.

பதினோராவது வாரத்தில் நான்கு மூலைகளும் தாழ்ந்து எழுந்தன. காரைத் தள்ளினால் சக்கரங்களின் ஓட்டம் எஞ்சின்வரை சென்று, பதினாறு பிஸ்டன்களும் ஏறி இறங்கின. முதல் நாள் கேள்விக்கான விடையும் ஏறக்குறைய அப்போது தெரிந்தது. பெரிய ஸ்பேனரை இரு கைகளாலும் பிடிக்கிறார்; இழுக்கிறார். சிறிய நட்டைத் திரியில் ஏற்ற இன்றும் இடக்கைதான். கட்டைவிரலின் வலு முழுவதும் திரும்பவில்லை. திரும்பும் என்று நாங்கள் உறுதி கூறவும் இல்லை. பட்டறையில் நாற்காலி போட்டு அமர்ந்து பையன்களை வேலை வாங்குகிறார்.

மேற்கூட்டுக்கான துண்டுகள் உறை பிரிக்கப்படாமல் பெட்டியிலேயே இருக்கின்றன. கட்டவில்லையா, ஐயா, என்று கேட்டோம். "பாடி கட்டுறது வேற பட்டறைங்க. நம்ம வேலை இதோட சரி" என்று அடிச்சட்டத்தை எங்கள் பிரிவுக்கே விட்டுச் சென்றார். மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். எங்களைப் பார்ப்பதற்கு முன் சன்னலோர மேசைக்குப் போய், இடப்பக்கப் பின்மூலையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வருகிறார்.