லினக்ஸ் அடம்பிடிக்கிறதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் படியுங்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. ஆனால், ஒருநாள் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் வெறும் கறுப்புத் திரை! உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். குடும்ப போட்டோக்கள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாகவே இருக்கும்.

பழைய கெர்னல்: ஆன் செய்ததும் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்தினால் 'க்ரப்' மெனு வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று, முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டால் வந்த சிக்கல் என்றால், பலமுறை இதிலேயே சரியாகிவிடும்.

பென் டிரைவ்: அப்படியும் திறக்கவில்லையா? லினக்ஸ் இன்ஸ்டால் செய்த பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். 'இன்ஸ்டால்' ஐகானைத் தொட வேண்டாம். ஃபைல் மேனேஜரில் லேப்டாப்பின் டிஸ்க்கைத் திறந்து, போட்டோக்களை வேறு டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். ஃபோல்டர் திறக்க மறுத்தால், ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஆஸ் ரூட்' கொடுங்கள்.

லாகின் சுற்றல்: பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் பக்கத்துக்கே திரும்பினால், டிஸ்க் நிரம்பியிருக்கலாம். இதே முறையில் பெரிய வீடியோக்களை வெளியே மாற்றிப் பாருங்கள்.

'சுடோ' கவனம்: 'சுடோ' என்று தொடங்கும் கட்டளைகளுக்கு முழு அதிகாரம் உண்டு. அர்த்தம் தெரியாமல் அடித்தால், ஒரே வரியில் எல்லாம் அழிந்துபோகலாம்.

டைம்ஷிஃப்ட்: மின்ட்டிலேயே இருக்கும் இந்த வசதி, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால், நாமாக மாற்றாதவரை நம் போட்டோ, டாக்குமென்ட்களை இது சேமிக்காது. அவற்றுக்குத் தனியாக ஒரு காப்பி அவசியம். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதை எடுத்துவிடுங்கள்!